ஏழைக்கு எடுத்த வீடும் எல்லைப்புற இலக்கியமும்

வீடு கட்டுவதைப் பற்றிப் பத்துப்பாட்டில் இருவேறு சித்திரங்கள் உள்ளன. ஒன்று நெடுநல்வாடையில் வருவது. கட்டட நூல் கற்றவர்கள் ஞாயிற்றின் நிழல் பார்த்துத் திசை தேர்ந்து, நூற்கயிறு பிடித்து அளந்து, அரசனுக்கு மனை வகுக்கின்றனர். மற்றொன்று பெரும்பாணாற்றுப்படையில் வருவது. பாணன் நடந்து செல்லும் வழியெங்கும் எயினரின் ஈந்தோலைக் குடிசை, இடையரின் குடியிருப்பு, உழவரின் இல்லம், வலைஞரின் குடில் என ஒவ்வொன்றாகக் கண்ணில் படுகின்றன. அரண்மனைக்குக் கயிறு பிடித்தனர். குடிசைக்கு எவரும் கயிறு பிடிக்கவில்லை. செய்யும் தொழிலுக்கும் கிடைத்த ஓலைக்கும் ஏற்றவாறு அது தானே அமைந்தது.

ஏழையின் வீட்டுக்கும் அரசு கயிறு பிடிக்கத் தொடங்கியது பெரும்பாலும் நம் காலத்தில்தான். அளந்து கொடுப்பது நல்ல செயலே. அதனை மறுப்பார் இலர். ஆயின் யார் அளந்தார், யாரைக் கேட்டு அளந்தார், அளந்த பின் அவ்வீட்டில் வாழ்ந்தவர் கதி என்ன என்னும் வினாக்களை எழுப்ப வேண்டியவர் இலக்கிய ஆசிரியர். எல்லைப்புறத்துத் தமிழ் எழுத்து இவ்வினாக்களை எவ்வளவு தூரம் எழுப்பியது, எங்கே வாளாவிருந்தது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் எடுத்துக்கொள்ளும் களம், களியக்காவிளையைக் கடந்தவுடன் தொடங்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சிற்றூர்கள். இம்மலரைப் படிப்போரில் பலர் அவ்வழியே ஒருமுறையேனும் மூட்டை முடிச்சுகளோடு வந்தவர்களின் மக்கள். ஆதலின் இது நம் வீட்டுக் கதையும் ஆகும்.

விளையும் தெருவும்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தாய்த் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்பகுதியையும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கேட்டிருந்தது, அது கிடைக்கவில்லை. எல்லைக் கோடு களியக்காவிளைக்கு அப்பால் விழுந்தது. கோடு நிலத்தில் விழுந்ததே அன்றி நாவில் விழவில்லை. இருபுறத்தாரும் மரச்சீனி என்றே சொல்கின்றனர். இருபுறத்தாரும் வீடு நிற்கும் தோட்டத்தைப் புரையிடம் என்கின்றனர். ஊர்ப் பெயர்களும் விளை, கோணம், நடை என்று ஒரே வாய்பாட்டில் முடிகின்றன.

விளை என்னும் இச்சொல்லை நாம் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். தஞ்சையிலும் நெல்லையிலும் ஊர் என்றால் தெருக்கள். வீட்டோடு வீடு ஒட்டி, திண்ணையோடு திண்ணை சேர்ந்து நிற்கும். நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் ஊர் என்றால் விளைகளின் தொகுதி. தென்னை, பிலாவு, வாழை, ஒரு கிணறு, இவற்றின் நடுவே ஒரு வீடு. அடுத்த வீடு அடுத்த விளையில். இங்கே தனி மனையே மதிப்பு. நெருங்கிய வரிசை வீடு என்றாலே அது பிறர் கட்டிக் கொடுத்தது என்ற பொருள் தோன்றிவிடும். இந்த நிலவியல் உண்மையை மறந்தால், பின்னர் நாம் பேசப்போகும் இலட்சம் வீட்டுக் குடியிருப்புகளின் துயரம் விளங்காது.

இதற்கு ஒரு விதிவிலக்கு பாலராமபுரம். திருவிதாங்கூரை 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மாவின் பெயர் தாங்கிய ஊர் அது. அரண்மனைக்கு நேர்த்தியான துணி வேண்டித் தென் தமிழ்நாட்டிலிருந்து சாலியர் குடும்பங்களை வரவழைத்துக் குடியமர்த்தினர். தளவாய் உம்மிணித் தம்பியின் பெயர் இவ்வரலாற்றோடு சேர்த்துப் பேசப்படுகிறது. விளைகளின் நாட்டில் நெசவாளர்க்கெனத் தெருக்கள் வகுக்கப்பட்டன. வீட்டினுள்ளே குழித்தறி, வாசலில் நீண்ட தெரு. அத்தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்து ஆற்றுவர். தெரு அங்கே நடக்கும் வழி மட்டுமன்று, தொழிற்கூடத்தின் பாதியும் அதுவே. நூறாண்டுகள் கடந்தும் அத்தெருக்களில் தமிழ் ஒலிக்கிறது.

இதே நிகழ்ச்சி இதற்கு முன்னரே சென்னையில் நடந்தது. 1734-இல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் கிழக்கிந்தியக் கும்பினி நெசவாளரைக் குடியேற்றியது. சின்னத் தறிப்பேட்டையே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர். அங்கே ஆங்கிலேயக் கும்பினி, இங்கே திருவிதாங்கூர் அரசர். இரு தரப்பாரையும் அறம் செய்தோர் என்று நாம் கொண்டாட வேண்டியதில்லை. இருவர்க்கும் துணி தேவைப்பட்டது. ஆயினும் ஒன்று உண்மை. தொழில் வேண்டியவர் தொழிலுக்கு ஏற்ற வீட்டைக் கொடுத்தார். பாவுக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்று நெய்பவனைக் கேட்டே தெருவை வகுத்திருத்தல் வேண்டும். இல்லையேல் அத்தெரு இத்தனை காலம் நெய்திராது. பொது வீட்டுத் திட்டம் ஒன்றை மதிப்பிட இதைவிட எளிய உரைகல் இல்லை: வாழ்பவனின் பிழைப்பு அவ்வீட்டில் நடக்குமா, நடக்காதா?

இவ்வுரைகல்லைக் கையில் கொண்டு நாவல்களுக்குள் நுழைவோம்.

மரத்துக்கு அழுத இலக்கியம்

எல்லைப்புறத்தின் ஊர்ச் சீரமைப்பைப் பற்றிப் பேச முற்படும் எவரும் சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யை (1966) விட்டு நகர முடியாது. மன்னர் வருகையை ஒட்டி ஒரு குளம் தூர்கிறது. குளத்து நடுவில் நின்ற மரம் நாற்சந்தியின் மரமாகிறது. காற்றாடி மரத் தோப்பு அழிந்து பூங்கா எழுகிறது. கடைகள் பெருகுகின்றன, நகரசபை அரசியல் நுழைகிறது, இறுதியில் மரம் நஞ்சூட்டப்பட்டு மடிகிறது. மரம் போனபின்னும் சந்திப்பின் பெயரில் மட்டும் அது எஞ்சுகிறது. ஊர் புதுப்பிக்கப்படும்போது எது இழக்கப்படுகிறது என்பதைத் தமிழில் இவ்வளவு கூர்மையாகச் சொன்ன நாவல்கள் மிகச் சில. தோப்பை வெட்டி விட்டுச் செடி வைப்பதன் அபத்தத்தை நாவல் நகைப்போடு காட்டும் இடம், இன்று நகர்தோறும் நடக்கும் அழகுபடுத்தும் பணிகளுக்கெல்லாம் முன்கூட்டியே எழுதிய விமரிசனம் போல் விளங்குகிறது.

ஆயினும் நாம் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். குளத்தங்கரையிலும் தோப்பின் ஓரத்திலும் யாராவது குடியிருந்திருப்பார்களே, அவர்கள் எங்கே சென்றனர்? நாவலின் கண் மரத்தின் மேல் இருக்கிறது. மரத்தைச் சுற்றிய வணிகத்தின் மேல் இருக்கிறது. இரவில் அச்சந்திப்பு எங்கே உறங்கச் செல்கிறது என்பதை அது பின்தொடரவில்லை. குறியீடு வலிமை பெற்றபோது குடித்தனம் மங்கிவிட்டது. இந்நாவலைப் பற்றி நம் மலர்களில் வந்த கட்டுரைகளும் மரம் எதன் குறியீடு என்று வாதிட்டனவே தவிர, அதன் நிழலில் இருந்தவரின் முகவரி எது என்று கேட்கவில்லை.

நீல பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ (1970) திருவனந்தபுரத்தையே ஒரு பாத்திரமாக்கிய நாவல். அனந்தன் நாயர் நகரத்தின் தெருக்களில் நடக்கிறார். ஒவ்வொரு தெருவும் ஒரு நினைவைத் திறக்கிறது. கோட்டையும் கோயிலும் குளங்களும் மனத்தின் அறைகள் ஆகின்றன. மனிதனுக்கும் ஊருக்கும் உள்ள உறவு நினைவால் ஆனது என்பதை நிறுவியது அந்நாவலின் வெற்றி. ஊர்ச் சீரமைப்பு ஒருவனிடமிருந்து நிலத்தை மட்டும் பறிப்பதன்று, நினைவு தங்கும் இடத்தையும் பறிப்பது என்று வாதிட விரும்புவோர்க்கு இதைவிடச் சிறந்த சான்று கிடையாது. எனினும் அனந்தன் நாயருக்கு நடக்க ஒரு நகரமும் திரும்ப ஒரு வீடும் உண்டு. நடப்பதற்குத் தெரு உண்டு, திரும்புவதற்கு வீடு இல்லை என்பவனின் நகரம் வேறு.

அந்த வேறு நகரத்தை எழுதியவர் ஆ. மாதவன். சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்து, அங்கேயே கண்டதை எழுதியவர் அவர்; 2021-இல் மறைந்தார். சுமை தூக்குவோரும் சில்லறைத் திருடரும் கைவிடப்பட்ட பெண்டிரும் அவருடைய கடைத்தெருக் கதைகளில் இரக்கம் கோராமல் வந்து நிற்கின்றனர். அவருடைய ‘புனலும் மணலும்’ (1974) நம் பொருளுக்கு மிக நெருங்கியது. ஆற்றில் இறங்கி மணல் வாரிக் கரை சேர்ப்பவன் அங்குசாமி. அம்மணல்தான் நகரத்தின் சுவராகவும் கூரையாகவும் ஆகிறது. நாவல் இதனை ஒரு கொள்கையாகப் பேசவில்லை. அங்குசாமியின் உள்ளத்தில் வளரும் வெறுப்பையே பின்பற்றிச் செல்கிறது. ஆயினும் படித்து முடித்தபின் நம் வீட்டுச் சுவரைத் தொடும்போது ஒருவனுடைய ஈரக் கை நினைவுக்கு வருகிறது. நகரத்தைக் கட்டும் பொருளை ஈட்டுபவன் நகரத்திற்குப் புறத்தே ஆற்றோரத்தில் வாழ்கிறான் என்னும் உண்மையை முழக்கமின்றிச் சொன்ன இக்கலையை நாம் போற்றுகிறோம்.

வீட்டைக் கனவு கண்டவன்

மலையாளத்தில் தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-இல் எழுதி, சுந்தர ராமசாமியால் தமிழான ‘தோட்டியின் மகன்’ நம்மவர் கதை. ஆலப்புழை நகரசபையில் மலம் அள்ளப் போன தமிழ்க் குடும்பத்தின் மூன்று தலைமுறை அதில் வருகிறது: இசக்கிமுத்து, சுடலைமுத்து, மோகன். சுடலைமுத்துவின் ஆசைகள் இரண்டே. மகன் தோட்டியாகக் கூடாது. தனக்கு ஒரு வீடு வேண்டும். அதற்காக அவன் தோழர்களையும் பகைத்துக் காசு சேர்க்கிறான். சேர்த்த காசை நகரசபைத் தலைவரிடம் நம்பிக் கொடுக்கிறான். அது திரும்பி வரவில்லை.

இங்கே தகழி கண்ட நுட்பம் ஒன்று உண்டு. நகரத்தின் தூய்மையைக் காப்பவனுக்கு அந்நகரத்தில் வீடில்லை என்பது வெளிப்படையான முரண். அதனை எவரும் எழுதிவிடலாம். வீட்டைத் தனியே தேடியதால் சுடலைமுத்து தன் கூட்டத்தை இழக்கிறான் என்பதுதான் தகழியின் கண்டுபிடிப்பு. தோழர்கள் கூடிக் கேட்டிருந்தால் உரிமையாகியிருக்கும். தனியே கெஞ்சியதால் அது தலைவரின் கருணையாயிற்று. கருணையாகக் கிடைப்பதை எந்த நேரமும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பொது வீட்டுத் திட்டங்களின் வரலாறு முழுவதும் இந்த உரிமைக்கும் கருணைக்கும் இடைப்பட்ட இழுபறிதான்.

பெருமாள்முருகனின் முதல் நாவலாகிய ‘ஏறுவெயில்’ (1991) மறுகரையிலிருந்து பேசுகிறது. களம் கொங்கு நாடு. குடியிருப்புக் கட்டுவதற்காக ஓர் உழவர் குடும்பத்தின் நிலம் எடுக்கப்படுகிறது. இழப்பீட்டுப் பணம் வருகிறது, குடும்பம் சிதைகிறது. ஒருவருக்கு எழும்பும் வீடு இன்னொருவரின் காட்டை மூடுகிறது என்பதை இந்நாவல் நேர்மையாகச் சொல்கிறது. ஆனால் அக்குடியிருப்பில் குடியேற வந்தவர்கள் நாவலுக்குள் அந்நியராகவே நின்றுவிடுகின்றனர். நிலமிழந்தவனின் கண்ணிலிருந்து எழுதிய நாவலில் அது இயல்பே, குற்றமாகாது. எனினும் மறுபக்கத்துக் கதையை எழுத இன்னொருவர் வேண்டும். அண்மையில் தமிழ்ப்பிரபாவின் ‘பேட்டை’ (2018), நெசவாளருக்கெனத் தோன்றிய அதே சிந்தாதிரிப்பேட்டையின் கூவக்கரை வாழ்வை உள்ளிருந்து எழுதியது அந்த வகையில் வரவேற்கத்தக்கது. நெய்யாற்றின்கரைக்கு அத்தகைய ஓர் எழுத்து வேண்டும் என்பதே நம் ஏக்கம்.

இலட்சம் வீடு

அவ்வெழுத்துக்குரிய பொருள் அங்கே நிறைந்து கிடக்கிறது. 1970 சனவரி 1 முதல் செயலுக்கு வந்த கேரள நிலச் சீர்திருத்தம் குடிகிடப்புக்காரருக்கு உரிமை கொடுத்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர் ஊராட்சியில் பத்து சென்ட், சிறு நகராட்சியில் ஐந்து சென்ட், பெருநகரில் மூன்று சென்ட் வரை விலைக்குப் பெறலாம் என்று சட்டம் வகுத்தது. அதன் பின்னும் குடிசைக்குக்கூட இடமில்லாதோர் எஞ்சினர். அவர்களுக்காக 1972-இல் அச்சுத மேனன் அமைச்சரவையில் வீட்டுவசதி அமைச்சராயிருந்த எம். என். கோவிந்தன் நாயர் இலட்சம் வீடு திட்டத்தைத் தொடங்கினார். ஊராட்சிக்கு நூறு வீடு, ஆக மொத்தம் ஓரிலட்சம் என்பது கணக்கு. மாணவரும் இளைஞரும் கூலியின்றி உழைத்தனர். சொன்ன இலக்கு முழுதும் நிறைவேறாவிடினும், நாட்டிலேயே அதுவரை காணாத முயற்சி அது. மழைக்கு ஒழுகும் ஓலைக் கூரையின் கீழ் கிடந்த பல்லாயிரம் குடும்பங்கள் ஓட்டுக் கூரையின் கீழ் வந்தன. இதனைச் சிறுமைப்படுத்துவது நம் கருத்தன்று.

ஆனால் அங்கேதான் கயிறு பிடித்த கை தவறியது. செலவைக் குறைக்க எண்ணி இரண்டு குடும்பத்துக்கு ஒரு நடுச்சுவர் என்று பல இடங்களில் இரட்டை வீடுகளாகக் கட்டினர். இந்தப் பக்கத்துக் குழந்தையின் இருமல் அந்தப் பக்கத்துக்குக் கேட்கும். முப்பதாண்டு கழித்து ஒருவர் சற்று வசதி பெற்று வீட்டை இடித்துக் கட்ட நினைத்தால், அடுத்தவரின் பாதி நிற்காது. ஒருவர் வறுமை மற்றவரைக் கட்டிப்போட்டது. இரட்டை வீடுகளை ஒற்றை வீடுகளாக மாற்றுவதற்கென்றே பிற்காலத்தில் தனித் திட்டம் வேண்டியதாயிற்று. மேலும், விளைகளின் நாட்டில் வரிசையாக நின்ற அவ்வீடுகள் தொலைவிலிருந்தே இன்னார் குடியிருப்பு என்று காட்டிக் கொடுத்தன. பாலராமபுரத்துத் தெரு நெய்பவனின் தேவையால் எழுந்த வரிசை. இலட்சம் வீட்டு வரிசை செலவுக் கணக்கால் எழுந்தது. பார்வைக்கு இரண்டும் வரிசைதான். ஒன்றில் பிழைப்பு உண்டு. மற்றொன்றில் கூரை மட்டும் உண்டு. ஆடு கட்டவோ, நான்கு மூடு மரச்சீனி நடவோ இடமில்லாத வீட்டிலிருந்து விடியற்காலையில் கூலி தேடிப் புறப்பட்டாக வேண்டும்.

நிலம் சுருங்கச் சுருங்கச் சென்ட் கணக்கு உயிர்க் கணக்காகும். 2020 டிசம்பரில் நெய்யாற்றின்கரையை அடுத்த ஓர் இலட்சம் வீட்டுக் குடியிருப்பில், ஏறத்தாழ மூன்று சென்ட் நிலம் பற்றிய வழக்கில், நீதிமன்ற ஆணைப்படி வெளியேற்ற வந்தபோது ஒரு கணவனும் மனைவியும் தீக்கிரையாயினர். தந்தையைப் புதைக்க இளைய மகன் தானே மண்வெட்டி எடுத்துக் குழி தோண்டிய காட்சியைக் கேரளம் முழுவதும் கண்டு கலங்கிற்று. வழக்கில் எத்தரப்புக்கு நியாயம் என்று ஈண்டு நாம் ஆராயப் புகவில்லை. அரசு ஏழைக்கென வகுத்த குடியிருப்புக்குள்ளேயே, ஐம்பதாண்டுக்கு அருகில் ஆன பின்னரும், காலூன்ற ஓர் இடம் நிலைப்படவில்லை என்பது மட்டுமே நாம் சுட்டுவது. இச்செய்தி நாளிதழில் சில நாள் நின்று நீங்கியது. புளியமரத்துக்கு ஒரு நாவல் வாய்த்தது. இவ்விருவருக்கு எல்லையின் இருபுறத்துத் தமிழில் இன்னும் ஒரு நாவல் வாய்க்கவில்லை.

நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்னும் பழைய பலா மரத்தைக் காக்கின்றனர். பகைவர்க்கு அஞ்சி ஓடிய இளவரசர் மார்த்தாண்ட வர்மா அதன் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது ஊர் வழக்கு. ஒரு நாள் வீடற்றிருந்த அரசனுக்கு இடம் கொடுத்த மரத்தை இவ்வளவு காலம் போற்றும் ஊர், அன்றாடம் வீடற்றிருப்பவனுக்கு இடம் கொடுத்த கதையையும் போற்றக் கற்க வேண்டும்.

1972: இரு நிகழ்ச்சிகள்

இலட்சம் வீடு தொடங்கிய அதே 1972-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் புரூயிட்–ஐகோ என்னும் பொதுக் குடியிருப்பை இடிக்கத் தொடங்கினர். பதினொரு மாடி கொண்ட முப்பத்து மூன்று கட்டடங்கள். கட்டி முடித்து இருபதாண்டும் நிறையவில்லை. பழைய சேரிகளை அகற்றி நகரைப் புதுப்பிக்கிறோம் என்று 1949-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் துணையோடு எழுந்த எண்ணத்தின் விளைவு அது. சேரியில் இருந்த கடை, அண்டை, வாசற்படிப் பேச்சு ஆகியவற்றையும் சேர்த்து அகற்றியதே பிழை என்று ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையார் 1961-லேயே எழுதி எச்சரித்திருந்தார். சிங்கப்பூரோ 1960-இல் வீட்டுவசதி வளர்ச்சிக் கழகம் அமைத்து, மக்களில் நான்கில் மூன்று பங்கினர்க்கு மேல் வாழும் வீடுகளைக் கட்டியது. அங்குள்ள நம் தமிழர் பலர் அவ்வீடுகளில்தான் பொங்கல் வைக்கின்றனர். அங்கே பொது வீடு என்பது ஏழைக்கு மட்டும் ஒதுக்கியது அன்று; ஆதலின் அதில் வாழ்வது இழிவும் அன்று.

தமிழகத்திலும் 1970-இல் குடிசை மாற்று வாரியம் தோன்றியது. தொடக்கத்தில் குடிசை நின்ற இடத்திலேயே மாடி வீடு எழுந்தது. பின்னர், குறிப்பாக இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டி, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் விளிம்புக்கு மக்கள் பெயர்க்கப்பட்டனர். ஆற்றங்கரை தூய்மையாயிற்று, ஆனால் வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் சென்ற பெண்டிர்க்குப் பேருந்துக் கட்டணமே கூலியின் ஒரு பங்காயிற்று. 2021-இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. குடிசையை மாற்றுவது என்பது போய் வாழ்விடத்தை மேம்படுத்துவது என்று பெயர் திருந்தியது; பெயர்வழிச் செயலும் திருந்துமாயின் நன்று.

நகர்ச் சீரமைப்புக்கும் பொது வீட்டுக்கும் உள்ள உறவு இவற்றால் புலனாகிறது. வீட்டை மறந்த சீரமைப்பு வெறும் வெளியேற்றம். ஊரை மறந்த வீடு வெறும் கூரை. இரண்டும் ஒரே கையால், ஒரே நேரத்தில், வாழ்வோரைக் கேட்டுச் செய்யப்படும்போதுதான் அது குடியமர்த்தல் ஆகும். கரிகாலன் காட்டைத் திருத்திக் குளம் வெட்டிக் குடிகளை நிலைபெறச் செய்ததைப் பட்டினப்பாலை பாராட்டும்போது இம்மூன்றையும் சேர்த்தே பாராட்டுகிறது. கேரளத்திலும் வழி அறிந்தோர் உண்டு. அச்சுத மேனன், கே. என். ராஜ், லாரி பேக்கர் முதலியோர் முன்னின்று 1985-இல் தோற்றுவித்த காஸ்ட்ஃபோர்டு நிறுவனம், திருவனந்தபுரத்துக் கரிமடம் குடியிருப்பில் மக்களைத் தொலைவுக்குப் பெயர்க்காமல் அங்கேயே உயரம் குறைந்த வீடுகளை எழுப்பியது. இலட்சம் வீட்டுக் காலத்து முதலமைச்சரே இவ்வமைப்பிலும் பங்கு கொண்டார் என்பது எண்ணத்தக்கது. பிழையிலிருந்து கற்க மனமிருந்தால் ஒரு தலைமுறைக்குள்ளேயே கற்கலாம்.

எல்லையூர்களுக்கு இன்று சீரமைப்பு வந்து சேர்வது சேரி அகற்றும் உருவில் அன்று, சாலையின் உருவில். கரமனை முதல் களியக்காவிளை வரை நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் பணி பல்லாண்டாகப் பகுதி பகுதியாக நடந்து வருகிறது. பாலராமபுரம் சந்திப்பின் நெரிசலில் சிக்கியவர் எவரும் சாலை வேண்டாம் என்று சொல்லமாட்டார். ஆனால் நிலத்துக்கு உரியவனுக்கு இழப்பீடு உண்டு. வாடகைத் திண்ணையில் தையல் இயந்திரம் போட்டிருந்தவனுக்கு என்ன உண்டு? பத்திரம் இல்லாதவனின் இழப்பை எந்த அலுவலகமும் கணக்கெடுப்பது அரிது. அக்கணக்கை எடுக்கக்கூடிய ஒரே இடம் இலக்கியம். ஆ. மாதவன் சாலைத் தெருவுக்குச் செய்ததை பாலராமபுரத்துக்கும் பாறசாலைக்கும் செய்வார் யார்?

ஒரு சொல்லின் சுமை

காலனி என்னும் சொல் எல்லையூர்களில் ஒரு முத்திரையாயிற்று. சென்னையில் காலனி என்றால் அலுவலர் வாழும் நற்குடியிருப்பாகவும் இருக்கலாம். இங்கே அச்சொல் சாதியையும் வறுமையையும் ஒருங்கே சுட்டும் விரலாயிற்று. பள்ளியில் முகவரி சொல்லும் சிறுவன் அச்சொல்லை விழுங்கிவிட்டு அடுத்த ஊரின் பெயரைச் சொல்வான். 2024 சூனில் கேரள அரசு இத்தகைய குடியிருப்புகளுக்குக் காலனி என்ற பெயரைக் கைவிட ஆணையிட்டது. நகர் போன்ற பெயர்களைப் பரிந்துரைத்தது. பதவி விலகுமுன் அமைச்சர் கே. ராதாகிருஷ்ணன் பிறப்பித்த ஆணை அது.

சொல்லை மாற்றினால் வாழ்வு மாறுமா என்று சிலர் நகைக்கலாம். இலக்கியம் பயில்வோர் நகைக்க மாட்டோம். சொல்லுக்கு இருக்கும் சுமையை நாம் அறிவோம். புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்கள் வந்த இடத்தில் எத்தனை பெயர்களால் அழைக்கப்பட்டன என்பதை நம் பாட்டிமார் மறக்கவில்லை. ஆயினும் நாம் ஒன்று சேர்த்துச் சொல்வோம்: பெயர்ப் பலகை மாறும்போது நடுச்சுவரும் மாற வேண்டும், பட்டயமும் கைக்கு வர வேண்டும். இல்லையேல் சில ஆண்டுகளில் நகர் என்னும் சொல்லும் அதே சுமையைச் சுமக்கத் தொடங்கிவிடும்.

முடிவுரை

நாம் எடுத்துக்கொண்ட நாவல்களைத் தொகுத்து நோக்கினால் ஒன்று தெளிவாகிறது. எல்லைப்புற இலக்கியம் அழிவை எழுதுவதில் சிறந்தது. மரம், தோப்பு, பழைய தெரு, பழைய வழக்கு ஆகியவற்றின் மறைவை எழுதியது. வீடில்லாதவனின் கனவையும் ஓரளவு எழுதியது. கொடுக்கப்பட்ட வீட்டுக்குள் நடக்கும் வாழ்வை எழுதவில்லை. அங்கே துயரம் மட்டும் இருக்கிறது என்று எவரும் எண்ண வேண்டா. அந்நடுச்சுவரின் மேலாகக் குழம்பும் கைமாறியிருக்கும். ஒரு வீட்டுப் பிள்ளை மறுவீட்டு விளக்கில் படித்து வேலைக்குப் போயிருக்கும். மலையாளமும் தமிழும் ஒரே அடுப்படியில் கலந்திருக்கும். இரக்கத்தோடு எட்டி நின்று எழுதுவோர்க்கு இவை அகப்படா. உள்ளே பிறந்து வளர்ந்தவர் எழுத வேண்டும்.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் மலர் வெளியிடுகிறோம். கட்டுரைப் போட்டி நடத்துகிறோம். அடுத்த ஆண்டு ஒருமுறையேனும், நம் குடும்பங்களின் முதல் வீடு எது, அதனை யார் அளந்தார், எப்போது அது நமதாயிற்று அல்லது நம் கைவிட்டுப் போயிற்று என்று முதியோரைக் கேட்டு இளையோர் எழுதட்டும். பாலராமபுரத்துத் தெருவிலிருந்தும் பாறசாலையின் குடியிருப்பிலிருந்தும் அவை வரட்டும். நடையழகு குறைந்திருந்தாலும் தாழ்வில்லை. பெரும்பாணாற்றுப்படைப் புலவர் குடிசைதோறும் நின்று நோக்கியதைப்போல் நாமும் நின்று நோக்கக் கற்றால், நாளைய நாவலாசிரியனுக்கு வேண்டிய மணலை இன்றே நாம் கரை சேர்த்தவர் ஆவோம்.